நெஞ்சுல பேட்டரி உள்ள அம்மாவுக்கு கரண்ட் வெச்சப்ப, மெஷின் மாறினதுல விட்டுப்போன ஒரு வரி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் மலேசியாவுல, பினாங்குல, கேன்சருக்கு கதிர்வீச்சு குடுக்கற ரேடியேஷன் தெரப்பிஸ்ட். கரண்ட் வைக்கறதுன்னு சொல்றது அதத்தான். மெஷின் ரூம்ல ஆளைப் படுக்க வெச்சு, லேசர் கோட்டுக்கு நேரா சரிபண்ணி, வெளிய வந்து பட்டன் அழுத்துறவங்கள்ல ஒருத்தி. இந்தக் கேஸ்ல முதல் நாள்லேர்ந்து கடைசி நாள் வரைக்கும் இருந்தேன், நடந்த தப்புல எனக்கும் பங்கு இருக்கு, அத கீழ எழுதியிருக்கேன். ஆஸ்பத்திரி பேரோ ஆளுங்க பேரோ போடல, அந்த அம்மாவோட மககிட்ட கேட்டு அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் எழுதுறேன்.

அம்மாவுக்கு 68 வயசு, தீவுக்கு எதிர்க்கரையில பிறைங்கற ஊர்ப் பக்கம் வீடு. இடது மார்புல சின்ன கேன்சர் கட்டி, கட்டிய மட்டும் ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க, கக்கத்துல பரவல. மிச்சம் இருக்கற மார்புக்கு கரண்ட் வைக்கணும்னு எங்ககிட்ட அனுப்பினாங்க. மொத்தம் 40 கிரே (கதிர்வீச்ச அளக்கற அலகு), 15 தடவையா பிரிச்சு, வாரத்துக்கு 5 நாள்னு 3 வாரம். இப்பல்லாம் மார்புக்கு சாதாரணமா குடுக்கற அளவுதான் இது. தினமும் மக காடியில பாலத்தக் கடந்து தீவுக்குக் கூட்டிட்டு வரணும், 13.5 கிலோமீட்டர் பாலம், ஜாம்ல மாட்டினா முடிஞ்சது, அதனால மதியம் 2 மணிக்கு நேரம் குடுத்தோம்.

பதிவு பண்றப்ப ரெண்டு பக்க ஃபாரம், மலாய்ல இருக்கும். அதுல ஒரு கேள்வி, பெரன்தாக் ஜந்துங் இருக்கான்னு. பேஸ்மேக்கருக்கு, அதாவது நெஞ்சுல வெச்சு இதயத்தத் தூண்டற பேட்டரிக்கு, மலாய்ல அதான் பேரு. மக அத இதயத்துடிப்பு கோளாறுன்னு புரிஞ்சிகிட்டாங்க, ரென்தாக்னா தாளம் தானே, பேட்டரி வெச்சதும் அம்மாவுக்கு அது சரியாயிடுச்சேன்னு இல்லைங்கற கட்டத்துல டிக் போட்டுட்டாங்க. மலாய் நல்லாவே தெரிஞ்ச பொண்ணு அவங்க. சர்ஜன் குடுத்த லெட்டர்ல இனிப்பு நீர் (சர்க்கரை), ரத்தக் கொதிப்பு, அதுக்கு சாப்பிடற மாத்திரை, எல்லாம் இருந்துச்சு, பேட்டரி பத்தி ஒரு வார்த்தை இல்ல.

சிமுலேஷன் அன்னிக்கு பாத்தது

கரண்ட் வைக்கறதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுத்து பிளான் போடணும். அதுக்காக அம்மாவ பலகைல படுக்க வெச்சு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கச் சொன்னேன். கவுன் விலகினதும் இடது காறை எலும்புக்கு ரெண்டு விரக்கடை கீழ தோல் தூக்கிகிட்டு நின்னுச்சு, தீப்பெட்டி அளவுக்கு, அதுக்கு மேல பழைய வெட்டுத் தழும்பு.

"இது என்னம்மா?"

"இதுவா, பேட்டரி பொண்ணு. தலை சுத்தி சுத்தி விழுந்துகிட்டே கெடந்தேன், அப்ப வெச்சாங்க. 7 வருஷம் ஆச்சு."

"ஃபாரத்துல இல்லன்னு போட்டிருக்கே?"

"பேட்டரி இருக்கான்னு யாரும் கேக்கலயே."

அன்னிக்கு ஸ்கேன நிறுத்திட்டோம். ஸ்கேன் பீம் (கதிர்) நேரா பேட்டரி டப்பா மேல போறப்ப அது தப்பா சிக்னல் எடுத்து சில நொடி தடுமாற வாய்ப்பு இருக்குன்னு மருந்தயும் மருத்துவக் கருவியயும் கண்காணிக்கற அமெரிக்க எஃப்டிஏ 2008லயே சொல்லியிருக்கு. அது அபூர்வம்தான், ஆனா நாங்க நிறுத்தினது அதுக்காக மட்டும் இல்ல, அது என்ன பேட்டரி, எந்த அளவுக்கு அத நம்பி ஓடுது இவங்க இதயம், எதுவுமே தெரியாம மேல போக முடியாது. அம்மா ஐசி (அடையாள அட்டை) வெச்சிருக்கற பர்ஸுக்குள்ளயே பேட்டரிக்கான அட்டை இருந்துச்சு, கம்பெனி பேரு, மாடல், சீரியல் நம்பர், வெச்ச தேதி எல்லாம் போட்டு. 7 வருஷமா கூடவே தூக்கிட்டு அலையறாங்க, ஒருத்தரும் காட்டுன்னு கேட்டதில்ல.

பேட்டரிய பத்தி விசாரிச்சது

2 நாள் கழிச்சு இதய கிளினிக்ல செக் பண்ணாங்க. கம்பெனி டெக்னீஷியன் ப்ரோகிராமர் மெஷின் கொண்டு வந்தாரு. ரெண்டு வயர் உள்ள பேஸ்மேக்கர், பேட்டரி ஆயுசு இன்னும் ஏறக்குறைய 4 வருஷம், இதயத்தத் தூண்ட தேவையான அளவு 0.75 வோல்ட். அப்புறம் டெக்னீஷியன் வேகத்த மெதுவா நிமிஷத்துக்கு 30 வரைக்கும் இறக்கிப் பாத்தாரு, டாக்டரும் பக்கத்துலயே நின்னாரு. அம்மாவோட சொந்தத் துடிப்பு ஒண்ணு கூட வரல. கண்ணு இருட்டுதுன்னாங்க, உடனே ஏத்திட்டாரு. அதாவது முழுக்க பேட்டரிய நம்பித்தான் ஓடுது, பேட்டரி நின்னா இதயமும் நிக்கும்.

எதுக்கு இவ்ளோ கவலைன்னு கேக்கறவங்களுக்காக. கரண்ட் வைக்கறப்ப பேஸ்மேக்கருக்கு ரெண்டு வழியில ஆபத்து வரும். ஒண்ணு, டப்பாக்குள்ள இருக்கற சர்க்யூட் மேல கொஞ்சம் கொஞ்சமா சேர்ற டோஸ். வயர் பத்தி கவலை இல்ல, டப்பாதான் பிரச்சனை. டோஸ் கணக்குப் பாக்கற மெடிக்கல் பிசிசிஸ்டுங்களோட அமெரிக்க சங்கம் 1994ல போட்ட அறிக்கையில 2 கிரேய தாண்டக் கூடாதுன்னு சொன்னாங்க, இன்னிக்கும் பல யூனிட்ல அந்த 2 தான் கோடு. ரெண்டாவது நியூட்ரான். பீமோட சக்தி 10 எம்விக்கு (மெகாவோல்ட்) மேல போனா மெஷின் தலைக்குள்ள இருக்கற டங்ஸ்டன், ஈயம் மாதிரி கனமான உலோகத்துலேர்ந்து நியூட்ரான் கிளம்பும். அது பீம் போற திசையில மட்டும் போகாது, ரூம் பூரா செவுத்துல பட்டுப் பட்டு சுத்தும். சிப்புக்குள்ள இருக்கற போரான் அத பிடிச்சிச்சுன்னா மெமரில ஒரு எழுத்து புரண்டுடும், டப்பா தானா ரீசெட் ஆகி அவசர கால செட்டிங்குக்குப் போயிடும். பொதுவா அந்த செட்டிங்லயும் இதயத்தத் தூண்டிகிட்டுத்தான் இருக்கும், உடனே உயிர் போற விஷயம் இல்ல, ஆனா முழுக்க பேட்டரிய நம்பியிருக்கறவங்களுக்கு அதையெல்லாம் சோதிச்சுப் பாக்க ஆசைப்படக் கூடாது.

இந்த ரெண்டாவது விஷயம்தான் நிறைய பேருக்கு, எங்க ஆளுங்களுக்கே கூட, சரியா மனசுல பதியறதில்ல. டப்பா மேல டோஸ் அளக்கற கருவி ஒட்டினா முதல் ஆபத்து தெரியும், நியூட்ரான் அதுல தெரியாது. டப்பா தூரத்துல இருக்குன்னும் தப்பிக்க முடியாது.

எடுத்த முடிவும் காரணமும்

டாக்டர், பிசிசிஸ்ட், இதய டாக்டர் மூணு பேரும் பேசினாங்க, நானும் இருந்தேன்.

டப்பாவ வலது பக்கம் மாத்தலாமான்னு முதல்ல கேள்வி வந்துச்சு. காறை எலும்புக்கு மேல நிணநீர் பகுதிக்கும் கரண்ட் வைக்கணும்னா வேற வழியே இல்ல, டப்பா நேரா பீமுக்குள்ள வந்துடும். ஆனா இவங்களுக்கு மார்பு மட்டும் போதும், பீமோட மேல் ஓரத்துலேர்ந்து டப்பா 4 சென்டிமீட்டர் தள்ளி இருந்துச்சு. சர்க்கரை உள்ளவங்களுக்கு இன்னொரு ஆபரேஷன், தொற்று வரலாம், அதெல்லாம் வேணாம்னு விட்டாங்க.

அடுத்தது எந்த சக்தி. அம்மாவுக்கு பெரிய மார்பு, பக்கவாட்டுல அளந்தா 24 சென்டிமீட்டர். இந்த அளவுக்கு 6 எம்வி மட்டும் வெச்சா ரெண்டு ஓரத்துலயும் டோஸ் கூடிப்போகும், அதனால வழக்கமா 15 எம்வி கொஞ்சம் கலப்போம். இங்க கலக்கக் கூடாதுன்னு முடிவு, 6 மட்டும். 2017ல இதயத்துடிப்பு நிபுணருங்களோட ஹார்ட் ரிதம் சொசைட்டி அறிக்கையும் 2019ல பிசிசிஸ்டுங்க சங்கத்தோட புது அறிக்கையும் நியூட்ரான் வராத சக்தியத்தான் எடுக்கச் சொல்லுது. விலை என்னன்னா மார்புக்கு அடி மடிப்புல டோஸ் குடுக்க வேண்டிய அளவுல 109 சதவீதம் வரைக்கும் ஏறுச்சு. தோல் உரியும்னு தெரிஞ்சேதான் டாக்டர் கையெழுத்துப் போட்டாரு. தோல் திரும்ப வளரும்னு அவர் சொன்னது ஞாபகம் இருக்கு.

இடது பக்கம்ங்கறதால மூச்ச இழுத்துப் பிடிக்க வெச்சு இதயத்த பீமுக்கு எட்டாம தள்ளி வைக்கற முறைதான். அம்மா 20 நொடி தம் பிடிச்சாங்க, 20 வயசுப் பசங்களே சிலது முடியாதுன்னு முழிக்கும்.

தினமும் டப்பா மேல டையோடுங்கற டோஸ் கருவிய ஒட்டி அளக்கறது, விரல்ல ஆக்சிஜன் க்ளிப் மாட்டி அதோட ஸ்கிரீன கேமராவுல வெளியேர்ந்து பாக்கறது, காந்தம் கதவுக்குப் பக்கத்துல ஆணியில தொங்கறது, ஷாக் மெஷின் வராந்தால தயாரா நிக்கறது. பேஸ்மேக்கர் மேல காந்தத்த வெச்சா அது வெளி சிக்னல கண்டுக்காம ஒரே சீரான வேகத்துல தூண்டிகிட்டே இருக்கும், அதான் காந்தத்தோட வேலை. பாதியில ஒரு தடவ, முடிஞ்சதும் ஒரு தடவ டெக்னீஷியன் வந்து செக் பண்ணணும்.

ஈயத் தகடு ஏதாவது மேல போத்தலாமான்னு மக கேட்டாங்க, நியாயமான கேள்விதான். டப்பாவுக்கு வர்ற டோஸ்ல பெரும்பங்கு உடம்புக்குள்ளயே சிதறி வர்றது, மேல போத்தி அத நிறுத்த முடியாது, நியூட்ரானுக்கு ஈயம் ஒரு தடையே இல்லன்னு பிசிசிஸ்ட் சொன்னாரு.

முதல் 6 நாள்

பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் 15 தடவைக்கும் சேர்த்து டப்பாவுக்கு 0.55 கிரேன்னு கணக்கு காட்டுச்சு, டையோடு தினம் 6 சென்டிகிரே (0.06 கிரே) காட்டுச்சு, அப்படின்னா மொத்தம் 0.9. பீம் ஓரத்துக்கு வெளிய கம்ப்யூட்டர் குறைச்சுத்தான் சொல்லும், அதனாலதான் அளக்கறதே. 2க்கு ரொம்ப கீழ இருந்ததால யாரும் அலட்டிக்கல. அம்மாவும் பழகிட்டாங்க, படுத்ததும் அவங்களே கவுன விலக்கி விரல நீட்டுவாங்க, க்ளிப் மாட்டுன்னு.

மெஷின் மாறினது

வியாழக்கிழமை அம்மா 6வது தடவைய முடிச்சிட்டுப் போனப்புறம் எங்க மெஷின் படுத்துடுச்சு, பாகம் வர ஒரு வாரம் ஆகும்னு இன்ஜினியர் சொன்னாரு. இருந்த 20க்கும் மேல ஆளுங்கள ரெண்டாவது மெஷினுக்கு மாத்தணும், ஒவ்வொருத்தருக்கும் புதுசா பிளான். வெள்ளிக்கிழமை பூரா பிளானிங் ரூம்ல சோத்துக்குக் கூட யாரும் எந்திரிக்கல.

அம்மாவோட பழைய பிளான்ல 6 எம்வி மட்டும்னு ஒரு வரி இருந்துச்சு, குறிப்பு எழுதற பெட்டிக்குள்ள. புது பிளான் திறந்தா அந்தப் பெட்டி காலியாத்தான் வரும், பழசு கூட வராது. பேட்டரின்னு சொல்ற சிவப்பு ஸ்டிக்கர் பேப்பர் ஃபைல் அட்டைல இருந்துச்சு, ஃபைல் முதல் ரூம் ரேக்லயே இருந்துச்சு. பிளான் போட்டவர் பெரிய மார்ப பாத்தாரு, வழக்கம் போல 15 கலந்தாரு, மூணுல ஒரு பங்கு கிட்ட. செக் பண்ண பிசிசிஸ்ட் வேற ஆள், டோஸ பாத்தாரு, 109 இருந்த இடத்துல 105 தான், முந்தினத விட அழகான பிளான். அழகா இருந்ததாலயே யாருக்கும் சந்தேகம் வரல.

என் பங்கு இங்கதான். சாயங்காலம் ரெண்டாவது ரூமுக்கு நான்தான் ஃபோன் பண்ணி ஆளுங்கள ஒப்படைச்சேன். அம்மாவுக்கு முட்டி வலி, காலுக்கு அடியில பெரிய தலகாணி வைங்கன்னு சொன்னேன், மூச்சுப் பிடிக்கற விஷயத்த சொன்னேன், மலாய்ல மெதுவா பேசுங்கன்னு சொன்னேன். பேட்டரிய சொல்லல. 6 நாளா தினமும் பாத்துப் பாத்து எனக்கு அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் மாதிரி ஆயிடுச்சு.

திங்கள் 7வது தடவ ரெண்டாவது மெஷின்ல குடுத்தாங்க. டையோடு இல்ல, க்ளிப் இல்ல, 15 எம்வி போச்சு. அம்மா ஒண்ணும் கேக்கல, புது மெஷின்ல அதெல்லாம் தேவையில்ல போலன்னு நெனச்சிகிட்டாங்களாம்.

செவ்வாய்க்கிழமை படுக்க வெச்சு, கோடு சரிபண்ணி, ரெண்டு தெரப்பிஸ்டும் வெளிய போக கதவு வரைக்கும் வந்துட்டாங்க. அம்மா கைய தலைக்கு மேல வெச்ச மேனிக்கே கேட்டாங்க:

"அடெக், ஹரி நி பூன் வாயர் தாக் பாசாங் கா?"

இன்னிக்கும் வயர் மாட்டலயா தம்பின்னு. எந்த வயர்னு அவர் திரும்பி வந்து கேக்க, அம்மா மோவாயால காறை எலும்புப் பக்கம் காட்டி, "பேட்டரி" அப்படின்னாங்க. அவர் கவுன விலக்கிப் பாத்தாரு, அப்படியே கைய இறக்குங்கம்மான்னு சொல்லி பலகைய கீழ இறக்கிட்டாரு. அந்தத் தம்பி செஞ்சது எனக்கு இன்னிக்கும் பெரிய விஷயமா படுது, வெளிய 9 பேர் காத்துகிட்டு இருந்தாங்க, மணி ஏற்கனவே 3.

அன்னிக்கும் அதுக்கப்புறமும்

பிளான திறந்ததும் பிசிசிஸ்ட் முகம் மாறிடுச்சு. அம்மாவ ஈசிஜில போட்டு உக்கார வெச்சோம், துடிப்பு சீரா நிமிஷத்துக்கு 70, மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தவங்க பக்கத்துலயே இருந்தாங்க. டெக்னீஷியன் சாயங்காலம் 6 மணிக்கு வந்து சேந்தாரு. ரீசெட் ஆன அடையாளம் எதுவும் இல்ல, தூண்டற அளவு அதே 0.75, வயர் அளவு, பேட்டரி எல்லாம் பழைய மாதிரியே.

டாக்டர் மகள உக்கார வெச்சு அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாரு, என்ன போச்சு, ஏன் போச்சு, டப்பா எப்படி இருக்குன்னு. மக கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இத கண்டுபிடிச்சது எங்கம்மாதானே, நீங்க இல்லயே"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னாரு டாக்டர். அதுக்கு மேல அவரும் எதுவும் சமாதானம் சொல்லல, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

ராத்திரியோட ராத்திரியா 6 எம்வில புது பிளான் போட்டு, புதன் 8வது தடவைய குடுத்தோம். நியூட்ரான் பட்டா வாரா வாரம் செக் பண்ணணும்னு 2017 அறிக்கை சொல்லுது, ஒரு தடவதானே பட்டுச்சுன்னு விடாம முடியற வரைக்கும் வாரம் ஒரு தடவ செக் வெச்சாங்க. 15ம் முடிஞ்சுது. கடைசி நாளுக்கு ஒரு வாரம் கழிச்சு அடி மடிப்புல தோல் உரிஞ்சுது, எதிர்பாத்ததுதான், 3 வாரத்துல ஆறிடுச்சு. 1, 3, 6 மாச செக்ல பேட்டரில எந்த மாற்றமும் இல்ல.

மறுபடி வந்தா எத மாத்துவோம்

6 எம்வி மட்டும்னு எடுத்த முடிவ மாத்த மாட்டோம், தோல் உரிஞ்சாலும். மாத்தினது வேற. பேட்டரி குறிப்பு இப்ப பிளானோட இல்ல, ஆளோட ஒட்டிகிட்டு இருக்கு, எந்த ரூம்ல அந்தப் பேர திறந்தாலும் சிவப்புப் பெட்டி குதிச்சு நிக்கும், ரெண்டு பேர் படிச்சோம்னு அழுத்தாம உள்ள போக முடியாது. பேட்டரி உள்ளவங்களுக்கு முதல் நாளே ரெண்டு மெஷினுக்கும் 6 எம்வில பிளான் போட்டு வெச்சிடறோம், மெஷின் படுத்தா தேடிகிட்டு நிக்க வேணாம். ஃபோன்ல ஒப்படைக்கறது நின்னுடுச்சு, பழைய ரூம் ஆள் ஒருத்தர் முதல் நாள் கூடவே போகணும்.

ஃபாரத்துல பெரன்தாக் ஜந்துங் கேள்விக்குக் கீழ தமிழ்லயும் சீனத்துலயும் ஒரு வரி சேர்த்தோம். தமிழ் வரிய நான்தான் எழுதினேன், நெஞ்சுல பேட்டரி வெச்சிருக்காங்களான்னு. கேக்கறப்ப கையால காறை எலும்புக்குக் கீழ தொட்டுக் காட்டணும்னும் சேர்த்துக்கிட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு ப்ராஸ்டேட் கேன்சருக்கு ஒரு அங்கிள் வந்தாரு. அந்த இடத்துக்கும் நெஞ்சுக்கும் எவ்ளோ தூரம், ஆனா இடுப்புக்கு 15 எம்வி வெச்சாலும் ரூம் பூரா நியூட்ரான்தான். பேட்டரி இருக்கான்னு கேட்டேன், இல்லம்மான்னு சொன்னாரு. அப்புறம் நான் தொட்டுக் காட்டின இடத்த பாத்துட்டு, "ஓ, இதுவா? இது பேட்டரி இல்லம்மா, ஷாக் அடிக்கிற மெஷின்"னாரு.

டிஃபிப்ரிலேட்டர். பேஸ்மேக்கர விட அதுக்கு இன்னும் ஜாக்கிரதை வேணும். இப்ப ஃபாரத்துல ரெண்டு வரி இருக்கு.